கண்மாயும் டாங்கியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் உள்ள அரசுப் பலகையில் ஆங்கிலத்தில் 'டேங்க்' என்று எழுதியிருக்கிறார்கள். ராணுவ வண்டிக்கும் அதே பெயர்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர் ஒருவர், ஆர்.எஸ்.மங்கலம்

பதில்: உண்டு. முதல் உலகப் போரின்போது, 1915-இல், இங்கிலாந்தின் லிங்கன் நகரத் தொழிற்சாலை ஒன்றில் இந்த வண்டி உருவானது. அது போர்க்கருவி என்பது வெளியே தெரியக் கூடாது என்பதற்காக, தண்ணீர் கொண்டு செல்லும் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். ஒப்புக்குச் சொன்ன பெயரே நிலைத்துவிட்டது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் அது முதன்முதலாகக் களமிறங்கியது. 'டேங்க்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கே குஜராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தொட்டியைக் குறிக்கும் சொற்களை வேராகக் காட்டும் அகராதிகள் உண்டு. அப்படிப் பார்த்தால், நாம் 'டாங்கி' என்று சொல்வது, இந்த மண்ணிலிருந்து போன சொல் சீமைக்குப் போய் இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்த கதைதான்.

கேள்வி: நம் தரைப்படையில் டாங்கிகள் எப்போது வந்தன? எந்தப் போரில் அவை பெரிதாகக் கைகொடுத்தன?
– கல்லூரி மாணவி, கீழக்கரை

பதில்: 1938-இல் 'சிண்ட் ஹார்ஸ்' படைப்பிரிவு குதிரைகளை விட்டு இறங்கி இயந்திர வண்டிகளுக்கு மாறியதைத் தொடக்கமாகக் கொள்ளலாம். குதிரைகள் போனாலும் பெயர்கள் போகவில்லை. இன்றும் நம் டாங்கிப் படைப்பிரிவுகளில் பல 'ஹார்ஸ்', 'லான்சர்ஸ்', 'கேவல்ரி' என்றே அழைக்கப்படுகின்றன.

கைகொடுத்த போர் எது என்றால், எல்லாரும் 1965-இல் பாகிஸ்தானோடு நடந்த போரைத்தான் சொல்வார்கள். நான் 1948 நவம்பர் 1-ஐ முதலில் சொல்வேன். லடாக்குக்குச் செல்லும் வழியிலுள்ள சோஜிலா கணவாய் ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. காஷ்மீருக்காக நடந்த முதல் போரில் அதைப் பாகிஸ்தான் தரப்பினர் பிடித்து வைத்திருந்தார்கள். அவ்வளவு உயரத்துக்கு டாங்கி ஏறி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஜெனரல் திம்மையா ஏற்றிக் காட்டினார். 'ஸ்டூவர்ட்' எனப்படும் இலகு ரக டாங்கிகளின் பீரங்கிக் கூண்டுகளைக் கழற்றி, யாரும் அறியாமல் ஜம்முவிலிருந்து கொண்டு வந்து, மலையடிவாரத்தில் மீண்டும் பூட்டினார்கள். அடிவாரத்திலுள்ள பால்டாலிலிருந்து மேலே கோவேறு கழுதைகள் மட்டுமே போய்வந்த பாதையை டாங்கி ஏறும் அளவுக்கு அகலப்படுத்திக் கொடுத்தவர்கள், படையில் 'தம்பிகள்' என்று செல்லமாக அழைக்கப்படும் மதராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படையினர். வரலாற்றை எழுதுவோர் டாங்கியை ஓட்டியவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அதற்குத் தடம் போட்டவர்களை ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்கு எப்போதும் ஒரு குறை.

1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரன் அருகே, அசல் உத்தர் என்ற ஊரில் நடந்ததும் தடத்தின் கதையே. பாகிஸ்தானிடம் இருந்த அமெரிக்க 'பேட்டன்' டாங்கிகள் நம்மிடம் இருந்த 'ஷெர்மன்' டாங்கிகளைவிடப் புதியவை. நம் படையினர் குதிரை லாடம் போல வளைந்து நின்று, கரும்பு வயல்களுக்குள் மறைந்துகொண்டு, கால்வாய் நீரை வயல்களில் பாய விட்டார்கள். மடையைத் திறந்துவிட்ட மறுநாள் நஞ்சை வயலில் இறங்கி நடந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும்: மேலே காய்ந்தாற்போலத் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை வாங்கும். அந்தச் சேற்றில் 'பேட்டன்'கள் சிக்கின. 90-க்கும் மேற்பட்டவை அழிந்தன அல்லது பிடிபட்டன என்பது இந்தியத் தரப்புக் கணக்கு. ஜீப்பில் பொருத்திய பீரங்கியைக் கொண்டு அவற்றில் பலவற்றைத் தகர்த்து உயிர்நீத்த அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது.

1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் ஆற்றுப் போரில், எரியும் 'செஞ்சூரியன்' டாங்கியை விட்டு இறங்க மறுத்துப் போரிட்டு மாண்ட அருண் கேத்ரபாலுக்கு வயது 21. அவருக்கும் அதே விருது வழங்கப்பட்டது. அதே ஆண்டு கிழக்கு வங்கத்தில், ஆறுகளை நீந்திக் கடக்கும் 'பி.டி.-76' டாங்கிகள் போரிட்டன. நம் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து 'விஜயந்தா' 1965-இலேயே வெளிவரத் தொடங்கியது. பின்னர் டி-72, டி-90, 'அர்ஜுன்' ஆகியவையும் அங்கு உருவாயின.

கேள்வி: இவ்வளவு கனமான வண்டி எங்கள் தனுஷ்கோடி மணலில் ஓடுமா?
– மீனவர், பாம்பன்

பதில்: ஓடும், பல சமயங்களில் காரைவிட நன்றாகவே ஓடும். அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை போடப்படாத காலத்தில், நான் சென்ற வேன் மணலில் புதைந்தது. ஓட்டுநர் முதலில் செய்தது சக்கரங்களின் காற்றைப் பாதி இறக்கியதுதான். அதன்பிறகே பனை மட்டைகளைத் தேடிப் போனார். டயர் தட்டையானால் மண்ணைத் தொடும் பரப்பு அகலும், ஓரிடத்தில் அழுத்தும் பாரம் குறையும். டாங்கியின் சங்கிலிப் பட்டைக்கும் அதுவே சூத்திரம். டி-72-இன் எடை ஏறத்தாழ 41 டன். இரண்டு பட்டைகளும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 5 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. ஒரு காரின் டயர் ஏறத்தாழ இரண்டு கிலோ அழுத்துகிறது. எனவே காய்ந்த மணலைப் பற்றி டாங்கிக்குக் கவலையில்லை. உப்பளச் சேறும் கண்மாய்க் களியும்தான் அதற்கு எமன்.

கடலைத் தாண்ட வேண்டுமென்றால், முகப்புத் திறந்து டாங்கியைக் கரையில் இறக்கும் கப்பல்கள் கடற்படையிடம் உண்டு. 1987-இல் அமைதிப் படையுடன் டி-72 டாங்கிகள் நமக்கு எதிர்க்கரையான யாழ்ப்பாணத்துக்கே சென்றன. மண்டபம் முகாமில் இருப்பவர்கள் அந்த நாட்களை வேறு விதமாக நினைவுகூர்வார்கள்; அது தனியே எழுத வேண்டியது. டாங்கியைப் பொறுத்தவரை, திறந்த வெளியில் மோதுவதற்காகச் செய்த வண்டி அங்கே பனந்தோப்புகளுக்கும் வேலியடைத்த குறுகிய ஒழுங்கைகளுக்கும் இடையே மாட்டிக்கொண்டது. சாலைகளில் கண்ணிவெடி புதைத்திருந்ததால், அவற்றில் சில ரயில் தண்டவாளத்தின் மீதேறித்தான் நகருக்குள் போயின.