என் பிள்ளைக்கு என்ன பால் என்று சொல்ல அரசு யார்?

கேள்வி: எனக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. சிசேரியன். முதல் இரண்டு நாள் பால் சரியாக வரவில்லை. பவுடர் பால் கேட்டதற்கு, குற்றம் செய்தவளைப் பார்ப்பதுபோல் நர்ஸ் என்னைப் பார்த்தார். வாங்கிய டப்பாவிலும் ‘தாய்ப்பாலே சிறந்தது’ என்று அச்சடித்துக் குத்திக் காட்டுகிறார்கள். எந்தப் பவுடர் நல்லது என்று தெரிந்துகொள்ள ஒரு விளம்பரம்கூட இல்லை. சிகரெட்டுக்கும் சாராயத்துக்கும் போடுகிற தடையைக் குழந்தை உணவுக்குப் போட்டிருக்கிறார்கள். என் குழந்தைக்கு என்ன கொடுப்பது என்று முடிவு செய்ய நான் இருக்கும்போது இதில் அரசு எதற்கு?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் அந்த நர்ஸ் விஷயம். அவர் செய்தது தவறு. வயிற்றில் தையலோடு, தூக்கமில்லாமல், பிள்ளை பசியில் அழுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் பெண்ணிடம் முகம் சுளிக்க எந்தச் சட்டமும் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை. அவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையை மார்பில் எப்படிப் பிடிக்க வைப்பது என்று காட்டியிருக்க வேண்டும். அப்படியும் போதவில்லை என்றால் டாக்டரைக் கேட்டு, தேவையான அளவைப் பாலாடையில் புகட்டியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் உங்களுக்குக் குற்ற உணர்ச்சியை மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதற்கு நீங்கள் கோபப்பட்டது நியாயம்.

ஆனால் அந்தக் கோபத்தைச் சட்டத்தின் மேல் திருப்பியிருக்கிறீர்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. 1992-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 1993 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்து, 2003-ல் இன்னும் இறுக்கமாகத் திருத்தப்பட்ட சட்டம் அது. தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பால், பால் புட்டி, குழந்தை உணவு ஆகிய மூன்றையும் பற்றியது. அதை முழுக்கப் படித்துப் பாருங்கள். பவுடர் பால் கொடுத்த தாயைத் தண்டிக்க அதில் ஒரு பிரிவும் கிடையாது. நீங்கள் எந்தக் கடையிலும் டப்பாவை வாங்கலாம். மருந்துச் சீட்டு வேண்டாம், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம். தாய்ப்பால் கொடுக்க முடியாத, டப்பா வாங்கவும் வசதியில்லாத பெண்ணுக்கு மருத்துவ நிறுவனங்கள் பவுடர் பாலைக் கொடுக்கலாம் என்றுகூட அதில் எழுதியிருக்கிறது.

அப்படியென்றால் சட்டம் யாரைக் கட்டிப்போடுகிறது? விற்பவரை. விளம்பரம் செய்யக்கூடாது. இலவச சாம்பிள் கொடுக்கக்கூடாது. டப்பாவில் கொழுகொழு குழந்தையின் படமோ தாயின் படமோ போடக்கூடாது. ஆஸ்பத்திரிச் சுவரில் போஸ்டர் ஒட்டக்கூடாது. டாக்டருக்கும் நர்ஸுக்கும் பணமோ பரிசோ தரக்கூடாது, டாக்டர்கள் சங்க மாநாட்டுக்குக் கம்பெனி காசு போகக்கூடாது. விற்ற டப்பாக்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஊழியருக்குக் கமிஷன் தரக்கூடாது. இதில் எது உங்கள் சுதந்திரத்தைப் பறிக்கிறது, சொல்லுங்கள்?

சாம்பிள் கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். அதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தாய்ப்பால் ஒரு பாத்திரத்தில் நிறைந்து காத்திருக்கும் பொருள் இல்லை. பிள்ளை சப்பச் சப்பத்தான் ஊறும். சப்புவது குறைந்தால் ஊறுவதும் குறையும். முதல் நாள் வருவது சில ஸ்பூன் சீம்பால் மட்டுமே. பிறந்த குழந்தைக்கு அன்று அதுவே போதும், ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது போதாது. ‘பால் பத்தலை’ என்று யாராவது ஒருவர் சொல்கிறார், பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்தான். உடனே ஒரு டப்பா வருகிறது. டப்பாப் பால் குடித்த பிள்ளை வயிறு நிறைந்து தூங்குகிறது, மார்பில் சப்புவதில்லை. இலவச டப்பா தீர்கிற நேரத்தில் பால் உண்மையாகவே குறைந்து போயிருக்கும். அடுத்த டப்பாவைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். மூன்று மாதக் குழந்தை ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் குடித்தால் 100 கிராம் பவுடர் ஆகும். 400 கிராம் டப்பா நாலு நாளில் காலி. இலவசமாகத் தந்தவருக்கு இது நன்றாகத் தெரியும், வாங்கிக்கொண்ட பெண்ணுக்கு அப்போது தெரியாது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இருந்த வழியே அந்த ஒரு டப்பாவில் போய்விடுகிறது. அதை எப்படித் ‘தேர்வு’ என்று சொல்வது?

எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. என் தங்கைக்குப் பிரசவம் ஆன மறுநாள், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போதே பவுடரின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். யாரும் கேட்கவில்லை. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்றார்கள். அந்த ‘எதற்கும் இருக்கட்டும்’ மூன்று வாரத்தில் முழுநேரப் பவுடர் பாலாக முடிந்தது. தனக்குப் பால் வராத உடம்பு என்று அவள் இன்றைக்கும் நம்புகிறாள். எனக்கு அது ஆறாத வருத்தம்.

இந்தச் சட்டம் ஒரு நாளில் யாருக்கோ தோன்றி வந்ததில்லை. 1939-லேயே சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் ரோட்டரி சங்க மேடையில் ஏறி, குழந்தைகளுக்கு ஏற்றது என்று சொல்லி இனிப்பூட்டிய டின் பாலை விற்பதைக் கொலை என்றே சொன்னார். 1960களிலும் 70களிலும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் பிரசவ வார்டுகளுக்குள் நர்ஸ் மாதிரி வெள்ளை உடுப்புப் போட்ட விற்பனைப் பெண்களைக் கம்பெனிகள் அனுப்பின. நல்ல தண்ணீர் இல்லாத ஊர்களில், விலை தாங்காமல் இரண்டு ஸ்பூன் போட வேண்டிய இடத்தில் ஒரு ஸ்பூன் போட்டுக் கரைத்தார்கள். குழந்தைகள் வயிற்றுப்போக்கிலும் சத்துக் குறைவிலும் செத்தன. 1981 மே மாதம் உலக சுகாதார சபையில் தாய்ப்பால் மாற்றுகளின் விற்பனைக்கான நெறிமுறை வாக்கெடுப்புக்கு வந்தபோது 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா மட்டும். நம் 1992 சட்டம் அந்த நெறிமுறையின் வழியில் வந்தது.

அப்புறம், விளம்பரம் இல்லாததால் எது நல்லது என்று தெரியவில்லை என்கிறீர்கள். விளம்பரம் வந்தால் தெரிந்துவிடுமா? பச்சிளம் குழந்தைக்கான பவுடரில் புரதம், கொழுப்பு, வைட்டமின் எவ்வளவு இருக்க வேண்டும் என்று எல்லாக் கம்பெனிக்கும் சேர்த்தே உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்திருக்கிறது. டப்பாவைத் திருப்பினால் அட்டவணை இருக்கும். விளம்பரம் அதற்குமேல் சொல்லப்போவது படமும் பாட்டும்தான். 2024 ஏப்ரலில் ‘பப்ளிக் ஐ’ என்ற சுவிஸ் அமைப்பு ஒரு விஷயத்தை வெளியிட்டது. இந்தியாவில் விற்கும் செரிலாக்கில் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 3 கிராம் சர்க்கரை சேர்த்திருக்கிறது, ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் விற்பதில் அப்படிச் சேர்க்கவில்லை என்று. சட்ட விதிகளை மீறவில்லை என்றும், சர்க்கரையைக் குறைத்து வருகிறோம் என்றும் கம்பெனி பதில் சொன்னது. இருக்கட்டும். ஆனால் இந்த விவரத்தை நமக்குச் சொன்னது எந்த விளம்பரமும் இல்லை.

அரசு தாயின் மேலேயே கை வைக்கும் இடத்தில் நான் உங்கள் பக்கம் நிற்பேன். 2012-ல் நியூயார்க் நகர சுகாதாரத் துறை ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகள் இலவச சாம்பிள் கொடுப்பதை நிறுத்தின, அது நல்ல வேலை. கூடவே பவுடர் பாலைப் பூட்டி வைத்து, மருந்துபோல் கணக்கெழுதி எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. கேட்ட தாய்க்குக் கிடைக்கும்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அறிவுரை கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்றால், பிள்ளை பெற்ற அசதியில் இருப்பவளுக்கு அது தண்டனை மாதிரி ஆகிவிடும். அங்கே எழுந்த எதிர்ப்பில் எனக்கு நியாயம் தெரிகிறது. புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் தாய் உண்டு, தத்தெடுத்த தாய் உண்டு, எவ்வளவு முயன்றும் பால் சுரக்காத தாய் உண்டு. கொடுக்க விருப்பமில்லாத தாயும் உண்டு, அவளும் யாரிடமும் கூனிக்குறுகி நிற்க வேண்டியதில்லை.

டப்பாவில் இருக்கும் ‘தாய்ப்பாலே சிறந்தது’ என்ற வரி உங்களைக் குத்துகிறது என்பதைப் புரிந்துகொள்கிறேன். அது உங்களுக்காக எழுதிய வரி இல்லை. ‘தாய்ப்பாலுக்கு நிகரானது’ என்று டப்பாவில் எழுதிவிடக்கூடாது என்பதற்காகக் கம்பெனியின் வாயிலிருந்தே வரவழைத்த வரி அது.

நம் நாட்டில் சுதந்திரம் பறிபோகும் இடம் வேறு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி 88.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 சதவீதம்தான். டாக்டரும் நர்ஸும் பக்கத்திலேயே இருந்தும் பாதிக்குமேல் குழந்தைகளுக்கு அந்த முதல் மணி நேரம் போய்விடுகிறது. சிசேரியன் ஆன தாய்க்கும் உதவி செய்தால் அந்த ஒரு மணிக்குள் கொடுக்க முடியும். உங்களுக்கு யாராவது உதவினார்களா?

அதற்கு அடுத்தது வேலை. மகப்பேறு விடுப்பு 2017 முதல் 26 வாரம். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க தினம் இரண்டு இடைவேளை. 50 பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம். எல்லாம் சட்டத்தில் இருக்கிறது. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணுக்கு இதில் எது கிடைக்கிறது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாற்பதாம் நாள் மெஷின் முன்னால் உட்கார வேண்டியவளுக்குத் தாய்ப்பாலா டப்பாப் பாலா என்று யாரும் கேட்பதில்லை, அவளுக்காக முதலாளி முடிவு செய்துவிடுகிறார். அரசு தலையிட வேண்டிய இடம் அதுதான். இன்னும் அதிகமாகத் தலையிடட்டும் என்கிறேன். பவுடர் பால் கம்பெனிகளுக்கு 1992 சட்டம் எழுதியபோது வைத்த அபராதம் 5,000 ரூபாய் வரைதான், அதையும் பல மடங்கு ஏற்றட்டும்.

இப்போது உங்கள் பிள்ளைக்கு வருவோம். மூன்று மாதம் ஆகியும் காலம் கடந்துவிடவில்லை. பவுடர் கொடுத்தாலும், அதற்கு முன் ஒவ்வொரு முறையும் மார்பில் போடுங்கள், பால் கூடும் வாய்ப்பு இருக்கிறது. பவுடரைக் கொதித்த தண்ணீரில், சூடு 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் கலக்குங்கள். பவுடர் கிருமி நீக்கியது இல்லை என்று பலருக்குத் தெரியாது. ஆறிய பிறகு கொடுங்கள். டப்பாவில் சொன்ன அளவைக் குறைக்காதீர்கள். கலந்து இரண்டு மணி நேரம் ஆனதைக் கொட்டிவிடுங்கள். புட்டி வேண்டாம், நம் வீட்டுச் சங்கோ பாலாடையோ போதும், கழுவுவதும் சுலபம்.

பிறகு அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பிறந்த முதல் மணி நேரத்தில் பிள்ளையை ஏன் என்னிடம் தரவில்லை, பால் புகட்ட ஏன் யாரும் சொல்லித் தரவில்லை, பவுடர் கேட்டபோது ஏன் அப்படி நடத்தினீர்கள் என்று மூன்றையும் கேளுங்கள். நகலை எனக்கு அனுப்புங்கள். அவர்கள் பதில் வந்தாலும் வராவிட்டாலும், ஊரையும் பேரையும் விட்டுவிட்டு இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.