உங்கள் கட்டை எது? தனியாகப் பாடுகிறவர்களின் கேள்விகளும் ஒரு பாட்டு டீச்சரின் பதில்களும்

கல்யாண வரவேற்பு, ஆபீஸ் ஆண்டு விழா, நவராத்திரி கொலு என்று எங்கேயாவது தனியாக ஒரு பாட்டு பாட வேண்டியவர்கள்தான் என்னிடம் இப்போது அதிகம் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வயது 34, ஆண். ஆபீஸ் விழாவில் எம்.கே. தியாகராஜ பாகவதர் காலத்துப் பாட்டு ஒன்றைப் பாட ஆசை. பல்லவி சுகமாக வருகிறது. சரணத்தில் மேலே போனால் குரல் கிழிகிறது. எவ்வளவு நாள் சாதகம் செய்தால் எட்டும்?

எட்ட வேண்டிய அவசியமே இல்லை. சுருதியை, அதாவது பாட்டு நிற்கும் அடிப்படை உயரத்தை, இறக்குங்கள். அந்தக் காலத்துப் பாடகர்கள் பலர் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்பதால் உச்சத்தில் பாடிப் பழகியவர்கள். கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், பாகவதர் எல்லோரும் அப்படித்தான். உங்கள் கையில் மைக் இருக்கிறது. அவர்கள் சுருதி உங்களுக்கு எதற்கு?

முதலில் உங்கள் கட்டையை, அதாவது உங்கள் குரலுக்குப் பொருந்தும் சுருதியைக் கண்டுபிடியுங்கள். போனில் ஒரு சுருதிப்பெட்டி செயலி போதும். ஆர்மோனியத்தில் 'சி' என்கிற வெள்ளைக் கட்டைதான் ஒன்று, அடுத்த கறுப்பு ஒன்றரை, அதற்கடுத்த வெள்ளை இரண்டு. ஆண்கள் பெரும்பாலும் ஒன்றுக்கும் இரண்டரைக்கும் நடுவில் நிற்பார்கள், பெண்கள் நான்கரைக்கும் ஆறுக்கும் நடுவில். நீங்கள் ஒன்றில் ஸட்ஜமம் ('ஸ') பிடித்து, கீழே மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி 'ப') வரை இறங்குங்கள். அப்புறம் மேலே தார ஸ்தாயி காந்தாரம் (மேல் ஸ்தாயி 'க') வரை ஏறுங்கள். (ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரை ஒரு ஸ்தாயி.) கீழே வெறும் காற்றுதான் வருகிறது என்றால் அரைக் கட்டை ஏற்ற வேண்டும். மேலே கழுத்து நரம்பு புடைத்தால் இறக்க வேண்டும். இரண்டு தொல்லையும் இல்லாத இடம் உங்களுடையது. காலையில் எழுந்தவுடன் இதைச் செய்யாதீர்கள். தூங்கி எழுந்த தொண்டை கனமாக இருக்கும், கீழே நன்றாக இறங்குவது போல ஏமாற்றும்.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் அதன் உச்ச ஸ்வரத்தை மட்டும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது பாட்டு எங்கே குடியிருக்கிறது என்பதை. அனுபல்லவியில் ஒரு தடவை மேல் ஸட்ஜமத்தைத் தொட்டுவிட்டு இறங்கும் பாட்டை யாரும் சமாளிக்கலாம். நான்கு வரியும் மேல் ஸட்ஜமத்தையே சுற்றிக்கொண்டிருக்கும் பாட்டு மூன்றாவது நிமிடத்தில் தொண்டையைக் கட்டிவிடும். உங்கள் பாட்டு இந்த இரண்டாவது ரகம் என்று நினைக்கிறேன். ஒன்றரைக் கட்டை அளவு இறக்கிப் பாடிப் பாருங்கள். பல்லவியின் அடி ஸ்வரம் காணாமல் போனால் இந்தப் பாட்டை விட்டுவிட்டு வேறு எடுங்கள். வருத்தம்தான், ஆனால் மேடையில் கிழிவதற்கு இது மேல்.

கேள்வி: நான் பெண். ஆண் குரலில் வந்த சினிமாப் பாட்டு ஒன்றைக் கரோக்கியில் பாட வேண்டும். எத்தனை படி ஏற்றுவது?

கரோக்கி செயலியில் ஒரு படி என்பது ஆர்மோனியத்தில் அடுத்த கட்டை, கறுப்போ வெள்ளையோ. ஒன்றிலிருந்து ஒன்றரை ஒரு படி. மூன்றிலிருந்து நான்கும் ஒரே படிதான், நடுவில் கறுப்புக் கட்டை இல்லை. (மூன்றரைக் கட்டையில் பாடுவதாக ஒருவர் என்னிடம் சத்தியம் செய்தார். அப்படி ஒரு கட்டையே கிடையாது.)

ஆண் ஒரு கட்டையில் பாடியதை நீங்கள் ஐந்தில் பாட ஏழு படி ஏற்ற வேண்டும். அவ்வளவு ஏற்றினால் வாத்தியங்கள் கார்ட்டூன் சத்தம் போல ஆகிவிடும். அதற்குப் பதிலாக ட்ராக்கை ஐந்து படி இறக்கி, நீங்கள் மேல் ஸ்தாயியில் பாடுங்கள். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு படி என்பதால் வந்து நிற்கும் சுருதி அதே ஐந்து கட்டைதான்.

கேள்வி: மகனுக்கு 14 வயது. போன வருடம் வரை கணீரென்று பாடுவான். இப்போது நடுவில் குரல் உடைகிறது. பள்ளிப் போட்டி வருகிறது. என்ன செய்வது?

இது மகரக்கட்டு, அதாவது பருவ வயதில் பையன்களுக்குக் குரல் உடைவது. நோய் ஒன்றும் இல்லை, குரல்வளை வளர்கிறது. சிறுவர்களே நடித்த பழைய பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் ராஜபார்ட் (கதாநாயக வேஷம்) போட்ட பையன்கள் இந்த வயதில்தான் வேஷத்தை இழப்பார்கள். போட்டியில் பாடட்டும், ஆனால் போன வருடத்துச் சுருதியில் வேண்டாம். நடு ஸ்தாயியிலேயே நடக்கும் ஒரு சின்னப் பாட்டாக எடுங்கள். அடுத்த ஒரு வருடத்துக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவன் கட்டையைச் சரிபாருங்கள், மாறிக்கொண்டே இருக்கும். "ஏன்டா முன்ன மாதிரி பாட மாட்டேங்கிற" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 62 வயது. முன்பு இரண்டு ஸ்தாயி போகும். இப்போது ஸட்ஜமத்திலிருந்து மேல் ஸட்ஜமம் வரைதான் வருகிறது. பாடுவதை நிறுத்திவிடலாமா?

ஐயா, அந்த ஒரு ஸ்தாயிக்கென்றே ராகங்கள் இருக்கின்றன. நவரோஜ் மந்தர பஞ்சமத்தில் தொடங்கி மத்ய (நடு ஸ்தாயி) பஞ்சமத்தில் நின்றுவிடும். குறிஞ்சி, புன்னாகவராளி, நாதநாமக்ரியை எல்லாம் நிஷாதத்தை ('நி') தாண்டி மேலே போகாதவை. நவரோஜையும் குறிஞ்சியையும் மத்யம சுருதியில் பாடுவது வழக்கம். அதாவது உங்கள் சுருதியின் மத்யமத்தை ('ம') ஸட்ஜமமாக வைத்துக்கொள்வது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நவரோஜின் அடிப் பஞ்சமம் உங்கள் பழைய ஸட்ஜமத்தில் விழும், மேல் பஞ்சமம் உங்கள் மேல் ஸட்ஜமத்தில் விழும். உங்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கும். தாலாட்டும் லாலியும் இந்த ராகங்களில் நிறைய உண்டு. பேரக்குழந்தை இருந்தால் இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

கேள்வி: பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். மூன்று வாரம் இருக்கிறது. எப்படிப் பழகுவது?

முதல் இரண்டு நாள் பாடவே வேண்டாம். வரிகளைக் கையால் எழுதி, வாய்விட்டுப் படியுங்கள். ல, ள, ழ எங்கே தடுக்குகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். சொல்லுக்கு நடுவில் கோடு விழக் கூடாது.

அப்புறம் மெட்டு. சொற்கள் இல்லாமல் அகாரத்தில் ('ஆ' என்று) மட்டும் பாடுங்கள், பாதி வேகத்தில். வரியை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிக்கொண்டே இருப்பது எல்லோரும் செய்யும் தப்பு. தெரிந்த பல்லவி நூறு தடவை ஆகியிருக்கும், தெரியாத சரணம் பத்து. சிக்கலான இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதற்கு முந்தைய சொல்லிலிருந்து பிடித்துப் பாடுங்கள். உச்ச ஸ்வரத்தில் இகரமோ உகரமோ வந்தால் இறுகும். அங்கே வாயைக் கொஞ்சம் கூடத் திறந்தால் சரியாகிவிடும்.

முதல் வாரத்துக்கு மேல் மூலப் பாட்டைக் கேட்காதீர்கள். இல்லாவிட்டால் அவர் குரலைத்தான் பாடுவீர்கள். கர்நாடக சங்கீத வித்வான் ஜி.என்.பி.யின் (ஜி.என். பாலசுப்ரமணியம்) மின்னல் பிருகாக்களை, அதாவது வேகமான ஸ்வர உருட்டல்களை, ஊரே பிரதி எடுத்த காலத்தில்தான் இன்னொரு வித்வான் எம்.டி. ராமநாதன் கனத்த அடிக்குரலில், விளம்பத்தில், நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தார். பிருகா உங்களுக்கு வராதென்றால் அந்த இடத்தில் ஒரு ஸ்வரத்தை அப்படியே நீட்டி நிறுத்தி, ஒரு நீண்ட கார்வை கொடுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கடைசி வாரம் நின்றுகொண்டு பாடி, போனில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

கேள்வி: பாடும் நாளில் தயிர், ஐஸ் தண்ணீர் கூடாதா?

உங்கள் தொண்டை சொல்வதைக் கேளுங்கள். எனக்குத் தயிர்சாதம் இல்லாமல் கச்சேரி இல்லை. வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே பாடாதீர்கள், அது போதும்.

கேள்வி: ஒரு மாதமாகக் குரல் கம்மியிருக்கிறது. மிளகுக் கஷாயம் குடித்துக்கொண்டே பழகுகிறேன். விழா அடுத்த வாரம்.

பழகுவதை இன்றே நிறுத்துங்கள். மூன்று வாரத்தைத் தாண்டிய கம்மலுக்குக் கஷாயம் வைத்தியமில்லை, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் குரல்வளையைக் காட்ட வேண்டும். விழாவில் உங்கள் இடத்தில் வேறு யாராவது பாடட்டும். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், அப்புறம் பாட்டைப் பார்ப்போம்.