61 நாளில் 17 கிலோ குறைத்தேன், அந்த எடை நிற்கவில்லை

டிவி நிகழ்ச்சிகளில் ஆறேழு மாதத்தில் ஐம்பது, அறுபது கிலோ குறைக்கிறார்களே, அதைப் பார்த்து நாமும் இறங்கலாமா, குறைந்த எடை அப்படியே நிற்குமா, அந்த நிகழ்ச்சிகள் ஊக்கம் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இறங்கிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நான் பாம்பனில் இறால் வாங்கும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். விசைப்படகு கடலுக்குப் போனால் மறுநாள் விடியற்காலைதான் கரைக்கு வரும். இறாலைத் தரம் பிரித்து, எடை போட்டு, வண்டி ஏற்றும் வரை எங்களுக்குத் தூக்கம் கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா, இரண்டு மணிக்கு டீயும் வடையும், விடிந்ததும் மறுபடி டீ. பத்து வருடம் இப்படியே ஓடியதில் 104 கிலோ ஆகிவிட்டேன்.

2019 மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு முடிவெடுத்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, எனக்கும் வேலை இருக்காது. அமெரிக்காவின் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற எடை குறைப்புப் போட்டி நிகழ்ச்சியின் துண்டுகளை யூடியூபில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் குந்துகால் பக்கம் மணலில் ஓட்டம். சாப்பாடு என்றால் முட்டையின் வெள்ளை, வெள்ளரிக்காய், அவித்த மீன் ஒரு துண்டு, மோர். அம்மா சூடைமீன் குழம்பு வைத்துத் தட்டைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பார். நான் தொட மாட்டேன். "அப்படி என்னய்யா உனக்கு வைராக்கியம், ஒரு வாய் சாப்பிடுய்யா" என்பார். எழுந்து போய்விடுவேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

தடை முடிந்த அன்று கம்பெனியில் இறால் பெட்டி வைக்கும் எலக்ட்ரானிக் தராசில் என்னை ஏற்றி நிறுத்தினார்கள். சுற்றிலும் இருபது பேர். சிவப்பு எண்கள் ஓடி 87-இல் நின்றன. கைதட்டலும் விசிலும் பறந்தன. டிவியில் வரும் அதே காட்சி. என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் எனக்காகக் கைதட்டியது அன்றுதான்.

மறுநாள் ராத்திரியிலிருந்து பழைய வேலை. பசி என்றால் அப்படி ஒரு பசி, அதற்கு முன் நான் அறியாத பசி. வயிறு முட்டச் சாப்பிட்டு அரை மணி நேரத்தில் மறுபடி கை தேடும். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. செப்டம்பரில் வலது விலாவுக்குக் கீழே வலி வந்து, ராமநாதபுரம் போய் ஸ்கேன் எடுத்தால் பித்தப்பையில் கல். வேகமாக எடை குறைப்பவர்களுக்கு இது வருவதுண்டு என்று டாக்டர் சொன்னார். உடம்புக் கொழுப்பு வேகமாகக் கரையும்போது பித்தநீரில் கொலஸ்ட்ரால் அதிகம் சேர்கிறது. சாப்பாட்டில் கொழுப்பே இல்லாததால் பித்தப்பை சரியாகச் சுருங்கி அதை வெளியேற்றுவதும் இல்லை. தேங்கித் தேங்கிக் கல்லாகிறது. எந்த எபிசோடிலும் இதை யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் தடைக்காலம் தொடங்கும்போது 108 கிலோ. அதே தராசுப் பக்கம் போனால், "என்ன மாப்ள, மொத்தமா திருப்பி ஏத்திட்ட போல?" என்று அதே ஆட்கள் கேட்டார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் நான் ஒரு வாரம் படகுத்துறைப் பக்கம் தலைகாட்டவில்லை. எனக்கு நெஞ்சுறுதி இல்லை, நாக்கைக் கட்டத் தெரியாதவன் என்று முழுதாக நம்பிவிட்டேன்.

அந்த நம்பிக்கை தவறு என்று எனக்குப் புரியவைத்தது ஓர் ஆய்வு. அதே நிகழ்ச்சியில் 2009-இல் கலந்துகொண்டவர்களில் 14 பேரை அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரின் குழு ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டது. 30 வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், ஆறு வருடத்தில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அந்த வருட வெற்றியாளர் டேனி கேஹில் சுமார் 195 கிலோவிலிருந்து 87-க்கு இறங்கியவர். அவருக்கும் 45 கிலோவுக்கு மேல் திரும்பியது. காரணம்தான் முக்கியம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி இருக்கிறதே, அது அவர்களின் எடைக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைந்துபோயிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு பரோட்டா. எடை திரும்பிய பிறகும் அந்தச் சிக்கனம் மாறவில்லை. போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோன் போட்டி முடிவில் ஏறக்குறைய வற்றிப்போயிருந்தது, ஆறு வருடத்திலும் பழைய அளவுக்கு வரவில்லை. பஞ்சம் வந்துவிட்டது என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். என் பசி எங்கிருந்து வந்தது என்று அதைப் படித்த ராத்திரிதான் எனக்கு விளங்கியது. அழுதேன்.

இந்த மாதிரி நிகழ்ச்சி ஊக்கம் தருகிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் வாரம் தருகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்கிறவர்களுக்கு வேறொன்றையும் தருகிறது. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதே நிகழ்ச்சியைச் சற்று நேரம் பார்த்தவர்களிடம் பருமனானவர்கள் மேல் வெறுப்பு கூடியிருந்தது, எடை முழுக்க அவரவர் கையில் இருக்கிறது என்ற எண்ணமும் வலுத்திருந்தது. தராசைச் சுற்றி நின்று எனக்குக் கைதட்டியவர்களையும் அப்புறம் கேலி பேசியவர்களையும் நினைத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே நினைப்பிலிருந்து வந்தவை.

அந்தப் போட்டியாளர்களை வேலை, வீடு, கடன், பிள்ளைகள் எல்லாவற்றிலிருந்தும் பிரித்துக் கொண்டுபோய் வைத்துக் குறைக்கிறார்கள். எனக்குத் தடைக்காலம் அதைச் செய்தது. கடல் திறந்ததும் ராத்திரி வேலை, பரோட்டாக் கடை எல்லாம் அப்படியே காத்திருந்தன.

2021-இல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 118 வந்தது, சர்க்கரை நோய் வரும் நிலைக்கு வந்திருந்தேன். அங்கிருந்த நர்ஸ் அக்கா, "எடையை விடு தம்பி. ராத்திரிச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டு போ, தினமும் அரை மணி நேரம் நட" என்றார். எடையை விடு என்று எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. நடையும் உணவு மாற்றமும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை.

இப்போது டிபன் பாக்ஸில் சிவப்பரிசிச் சோறும் மீன் குழம்பும் போகிறது. அம்மாதான் கட்டித் தருகிறார், கேள்வி கேட்காமல் சாப்பிடுகிறேன். வண்டி கிளம்பியதும் பாலத்துப் பக்கம் நடக்கிறேன், தடைக்காலத்திலும் அதே அளவுதான். மூன்று வருடமாக 97, 98 கிலோவில் நிற்கிறேன். போன மாதம் சர்க்கரை 99.

போன தடைக்காலத்துக்கு முன்னால், ஐஸ் பெட்டி தூக்கும் தம்பி ஒருவன், "அண்ணே, நீங்க அன்னைக்குச் செஞ்சதை நானும் செய்யப் போறேன், தராசுல ஏத்துங்க" என்று வந்து நின்றான். தராசை அணைத்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, பித்தப்பை ஸ்கேன் ரிப்போர்ட்டை மொபைலில் எடுத்துக் காட்டினேன். நீங்களும் 60 நாள் சவால் எதிலாவது சேரும் யோசனையில் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு டாக்டரைப் பாருங்கள். 61-ஆவது நாள் ராத்திரி எங்கே, என்ன சாப்பிடுவீர்கள் என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.