'டீன் உல்ஃப்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் பேசப்படும் 'பர்தோ' என்றால் என்ன?

இறப்புக்கும் மறுபிறப்புக்கும் நடுவே உள்ள இடைநிலையைத் திபெத்தியப் பௌத்தம் பர்தோ என்கிறது. அது 49 நாட்கள் வரை நீளலாம் என்பது மரபு.

மாறாத ஆன்மா என்ற ஒன்றைப் பௌத்தம் ஏற்பதில்லை. நினைவோட்டம் மட்டுமே தொடர்கிறது. உடல் என்ற பிடிமானம் போனதும், மனம் தன் ஆசைகளையும் அச்சங்களையும் உருவங்களாக எதிரே காண்கிறது. முதலில் சாந்த தெய்வங்கள், பிறகு உக்கிர தெய்வங்கள். பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுப் புது வீடு போய்ச் சேராதவரின் தவிப்பைப் போன்றது இது: மூட்டை முடிச்சு உண்டு, இறக்கி வைக்க இடமில்லை.

தொடரின் மூன்றாம் பருவத்தில் பள்ளி நண்பர்களான ஸ்காட், ஸ்டைல்ஸ், ஆலிசன் மூவரும் பனிக்கட்டி நீரில் மூழ்கிச் சற்றுநேரம் இறந்து மீள்கிறார்கள். அதன்பின் கனவு எது, நனவு எது என்று புரியாமல் மிரள்கிறார்கள். பர்தோ என்ற இந்தக் கருத்தை உடன் படிக்கும் கிரா அவர்களுக்கு எடுத்துச் சொல்கிறாள். பயத்தின் ஊற்று அவரவர் மனத்துக்குள்ளேயே இருப்பதாகக் காட்டியது மிகப் பொருத்தமானது என்பேன்.

பர்தோவைப் பேய்கள் உலவும் உலகம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஓர் இடமன்று, மனத்தின் நிலை. கனவையும் தியானத்தையும், நாம் வாழும் இந்த வாழ்வையுமே திபெத்திய மரபு பர்தோக்களாகத்தான் எண்ணுகிறது.