இப்சன் நாடகத்துக்கு உரிமைத் தொகை கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: கோவையில் அலுவலக நண்பர்கள் சிலர் சேர்ந்து சிறிய நாடகக் குழு நடத்துகிறோம். ஹென்ரிக் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் போட ஒத்திகை தொடங்கிவிட்டோம். இந்திய உரிமை தன்னிடம் இருப்பதாகச் சொல்லி ஒருவர் 35,000 ரூபாய் கேட்கிறார், இல்லாவிட்டால் நீதிமன்றத் தடை வாங்குவாராம். இதற்கிடையில் குழுவின் மூத்தவர்கள், கதாநாயகி நோரா வீட்டைவிட்டுப் போகாதபடி முடிவை மாற்றச் சொல்கிறார்கள். இப்சனே அப்படி எழுதியிருக்கிறார் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். இப்சன் இறந்தது 1906 மே 23. நம் சட்டத்தில் எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டுகள்தான் பதிப்புரிமை. அந்தக் கணக்கைத் தாராளமாகப் போட்டாலும் 1966 டிசம்பரோடு கதை முடிந்தது. 'இந்திய உரிமை' என்று ஒன்று இல்லாதபோது அவர் எதை விற்கிறார்?

இந்த மாதிரி ஆட்கள் லெட்டர்ஹெட்டோடு வருவார்கள். நோட்டரி முத்திரை இருக்கும், ஏதோ ஒரு வெளிநாட்டு அறக்கட்டளையின் பெயர் இருக்கும். நோட்டரி முத்திரை கையெழுத்துக்குத்தான் சாட்சி, உரிமைக்கு அல்ல. பதிவுச் சான்றிதழ் காட்டினால், எந்தப் படைப்புக்கு, யார் பெயரில் என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவரே எழுதிக்கொண்ட தழுவல் ஒன்றுக்கான சான்றிதழாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு மூல நாடகத்துக்கே சொந்தம் கொண்டாடுவார்.

முதலில் தேதியைப் பாருங்கள். நீங்கள் ஒத்திகை பார்க்கும் நாடகமே இதைத்தானே சொல்கிறது! கணவரின் உயிரைக் காப்பாற்ற நோரா கடன் வாங்குகிறாள். கணவர் சம்மதமில்லாமல் மனைவி கடன் வாங்க முடியாத காலம். பத்திரத்தில் அப்பாவின் கையெழுத்தை அவளே போட்டுவிடுகிறாள். அப்பா இறந்தது செப்டம்பர் 29, கையெழுத்தின் தேதி அக்டோபர் 2. கடன் கொடுத்த க்ரோக்ஸ்டாட் அந்த மூன்று நாளை வைத்துத்தான் அவளை மடக்குகிறார். ஒரு கடன் பத்திரத்தின் தேதியை வைத்து முழு நாடகத்தையும் நகர்த்தியவர் அதுவரை எனக்குத் தெரிந்து யாருமில்லை. ராஜாக்களையும் சதிகளையும் விட்டுவிட்டு நடுத்தர வீட்டின் வரவு செலவை மேடைக்குக் கொண்டுவந்ததற்காகத்தான் இப்சனை எதார்த்த நாடகத்தின் முன்னோடி என்கிறோம். கடன் அவருக்குப் புதிதல்ல. நார்வேயின் ஷியன் ஊரில் வியாபாரியாக இருந்த அப்பா, இப்சனின் சிறுவயதிலேயே நொடித்துப்போனார். பையன் பதினைந்து வயதில் கிரிம்ஸ்டாட்டில் மருந்துக் கடை வேலைக்குப் போனான்.

உண்மையான பொறி வேறிடத்தில் இருக்கிறது. 'இப்சன் பழசு, எல்லாமே இலவசம்' என்று நினைத்துக் கையில் கிடைத்த ஆங்கிலப் புத்தகத்திலிருந்து மொழிபெயர்ப்பார்கள். மூலத்துக்கு உரிமை முடிந்தாலும் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. வில்லியம் ஆர்ச்சரின் ஆங்கில வடிவத்தைத் தாராளமாக எடுக்கலாம், அவர் 1924இல் இறந்தவர். மைக்கேல் மேயர் 2000இல் இறந்தார், அவருடைய மொழிபெயர்ப்பு 2060 முடியும்வரை பாதுகாப்பில் இருக்கும். இப்சனின் மக்கள் விரோதி நாடகத்துக்கு ஆர்தர் மில்லர் செய்த தழுவலுக்கு 2065 வரை. தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றை எடுக்கிறீர்கள் என்றால், மொழிபெயர்த்தவரையோ அவர் வாரிசையோ நேரில் கேளுங்கள். நாள், அரங்கம், தொகை மூன்றும் எழுதிய ஒரு பக்கக் கடிதம் போதும். நடுவில் ஆள் வேண்டாம். நடுவில் இருப்பவர் வாங்குவது மொழிபெயர்ப்பாளரின் கைக்குப் போய்ச் சேர்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

உரிமைக் காலம் இன்னும் முடியாத மொழிபெயர்ப்புக்கும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. தொழில்முறை அல்லாத குழு, பணம் வாங்காமல் பார்வையாளர்களுக்கு நடித்தால் அனுமதி தேவையில்லை. இதைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். டிக்கெட் இல்லை என்று சொல்லிவிட்டு வாசலில் 'நன்கொடை அட்டை' விற்பது செல்லாது. கட்டாய சிற்றுண்டிக் கூப்பனும் செல்லாது. வெள்ள நிவாரணத்துக்குத்தானே என்று டிக்கெட் போட்டாலும் விலக்கு கிடையாது. ஆனால் மத நிறுவனத்தின் நலனுக்காக என்றால் டிக்கெட்டே போடலாம்! கோயில் திருப்பணிக்குச் சலுகை, பள்ளிக் கட்டடத்துக்கு இல்லை. 1957இல் இதை எழுதியவர்களின் மனதில் என்ன ஓடியதோ. இந்த விலக்கு மேடைக்கு மட்டும்தான். நாடகத்தைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றினால் அது போய்விடும். ஆர்ச்சர் வழியாக நீங்களே தமிழாக்கியிருந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை, டிக்கெட்டும் போடலாம்.

அரங்கக்காரர்கள் 'உரிமையாளரின் தடையில்லாச் சான்று' கேட்பார்கள். நூறாண்டுக்கு முன் இறந்தவரிடம் எங்கே போய் வாங்குவது? இந்தக் கேள்வியை நான் பல அரங்க அலுவலகங்களில் கேட்டிருக்கிறேன். படிவத்தில் கட்டம் இருக்கிறது, நிரப்ப வேண்டும் என்பதே பதில். அந்தக் கட்டத்தை நம்பித்தான் உங்கள் 35,000 ரூபாய் ஆசாமி பிழைக்கிறார். இப்சன் இறந்த ஆண்டு, உரிமை முடிந்த ஆண்டு, தமிழாக்கம் யாருடையது என்ற மூன்றையும் எழுதிக் குழுச் செயலாளர் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அதற்குப் பிறகும் முரண்டு பிடித்தால், எந்தச் சட்டப் பிரிவின்படி சான்று கேட்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

முடிவு விஷயத்துக்கு வருகிறேன். மூத்தவர்கள் சொல்வதில் பாதி உண்மை. நாடகம் 1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் அரங்கேறியது. ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன் ராபே, குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் தாயாக நடிக்க மறுத்தார். அப்போது ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கும் ஜெர்மனிக்கும் இடையே உரிமை ஒப்பந்தம் இல்லை. யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் திருத்தலாம், வழக்குப் போட முடியாது. பிறர் கைவைப்பதைவிட நானே செய்துவிடுகிறேன் என்று இப்சன் ஒரு மாற்று முடிவு எழுதிக் கொடுத்தார். அதில் கணவர் ஹெல்மர் நோராவைக் குழந்தைகள் தூங்கும் அறையின் வாசலுக்கு இழுத்துச் செல்ல, அவள் அங்கேயே சரிந்துவிடுகிறாள். 1880இல் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் அதை நாடகத்துக்கு இழைத்த காட்டுமிராண்டித்தனம் என்றே அவர் சொன்னார். ஆக, எழுதியது அவர்தான், விரும்பி எழுதவில்லை.

நோராவுக்கு முன்மாதிரியான லௌரா கீலரின் கதையையும் அவர்களிடம் சொல்லுங்கள். நோயாளிக் கணவருக்காக ரகசியமாகக் கடன் வாங்கி, பொய்க் கையெழுத்தில் மாட்டிக்கொண்டு, மனநலக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டவர் அவர். பின்னால் கணவர் வீட்டுக்கே திரும்பினார். மூத்தவர்கள் கேட்கும் முடிவு நிஜத்திலேயே நடந்திருக்கிறது. இப்சன் மேடையில் அதைத்தான் மறுத்தார். அந்த மறுப்பால்தான் நாடகம் உலகம் சுற்றியது. சீனாவில் எழுத்தாளர் லூ ஷுன் 1923இல், வெளியேறிய நோரா என்ன ஆவாள் என்பதையே ஒரு உரைக்குப் பொருளாக்கினார். கையில் காசு இல்லாமல் அவள் எங்கே போவாள் என்பதுதான் அவர் கவலை.

மாற்று முடிவுக்கும் உரிமைக் காலம் தீர்ந்துவிட்டது, போட்டால் யாரும் வழக்குத் தொடுக்கப் போவதில்லை. போடுவதென்றால் அழைப்பிதழில் '1880 ஜெர்மன் முடிவுடன்' என்று அச்சிட்டுவிடுங்கள். அசல் முடிவைத்தான் போடுங்கள் என்பது என் கட்சி.