அப்பாவின் பான்டிங் உணவு பிள்ளைகளுக்கும் பொருந்துமா?

கணவரின் சர்க்கரை நோய்க்காக, மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பான்டிங் முறைப்படி வீட்டில் சோறு, ரொட்டி, மீலிமீல் (மக்காச்சோள மாவு), பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம், 4 வயதிலும் 9 வயதிலும் உள்ள பிள்ளைகளும் அப்படியே சாப்பிடலாமா என்று டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். அவருக்கு இது பலன் தரலாம். மருந்தின் அளவை மட்டும் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளட்டும். வளரும் பிள்ளைகளின் தேவை வேறு. தென்னாப்பிரிக்காவில் மீலிமீலிலும் ரொட்டி மாவிலும் இரும்பு, துத்தநாகம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் ஏ, சில பி வைட்டமின்கள் சேர்ப்பது 2003 முதல் சட்டப்படி கட்டாயம். தானியத்தை நிறுத்தினால் இவையும் சேர்ந்தே போய்விடும். முட்டை, மீன், கல்லீரல், கீரையால் ஈடுகட்டலாம்தான். ஆனால் 4 வயதுப் பிள்ளை கல்லீரலைத் தொடுமா? பருப்பும் பீன்ஸும் இல்லையென்றால் விரத நாட்களில் தட்டில் என்ன மிஞ்சும்? ஆடி மாதம் மாரியம்மன் கோவிலில் ஊற்றும் கூழைக்கூடக் குடிக்காதே என்று தடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த உணவுமுறையைத் தென்னாப்பிரிக்காவில் பரப்பிய பேராசிரியர் டிம் நோக்ஸ் குழந்தை உணவு பற்றி 2014இல் ட்விட்டரில் எழுதியதற்காக விசாரிக்கப்பட்டு 2017இல் விடுவிக்கப்பட்டதைப் பலர் சான்றாகக் காட்டுவார்கள். அவர் தொழில் ஒழுங்கை மீறவில்லை என்பதே அந்தத் தீர்ப்பு. எல்லாப் பிள்ளைகளுக்கும் இம்முறை ஏற்றது என்று அது சொல்லவில்லை.

சீலியாக் நோய் (கோதுமை போன்றவற்றில் உள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) இருந்தால் கோதுமை, பார்லி போன்றவை கூடாது; அரிசியும் மீலிமீலும் ஆகும். வலிப்பு நோய்க்கான, மாவுச்சத்து மிகக் குறைந்த கீட்டோ உணவு மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே தரப்படுவது.

குழம்பு எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பிள்ளைகள் தட்டில் ஒரு கரண்டிச் சோறும் பருப்பும் கூடுதலாக வையுங்கள். குளிர்பானத்தையும் மிட்டாயையும் எல்லோரும் விடலாம். சின்னப் பிள்ளையின் வளர்ச்சியும் தடுப்பூசியும் பதியும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இந்த வாரமே கிளினிக்கில் எடை பார்த்துவிடுங்கள்.