ரத்தத்தில் தப்பும் பூஞ்சை: கணக்கு எங்கே உதைக்கிறது?

கேள்வி: மனித ரத்தத்தில் கேண்டிடா அல்பிகன்ஸ் பூஞ்சையைக் கலந்து, நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் அதைப் பிடிப்பதை ஒரே சமன்பாட்டில் எழுதியிருக்கிறேன். முதல் ஒரு மணி நேரம் தரவோடு ஓரளவு ஒத்துப்போகிறது. நான்காவது மணியில் ஒட்டவே இல்லை. பிழை எங்கே?
– ஆராய்ச்சி மாணவி, கோவை

பதில்: சமன்பாடு சரிதான்; அதில் ஒரு நிலை விட்டுப்போயிருக்கிறது. பிடிபடும் வேகம் நிமிடத்துக்கு 0.02 என்று வைத்தால், 240 நிமிடத்தில் 0.8 சதவீதம்தான் வெளியே மிஞ்ச வேண்டும். சோதனையிலோ வெளியே மிஞ்சியவற்றைக் காட்டும் கோடு இறங்கிவந்து நடுவழியில் படுத்துவிடும். ஜெர்மனியின் யேனா நகர ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட மாடலில் இதற்காகவே 'தப்பியவை' என்றொரு தனி நிலை உண்டு. அதற்குள் போன பூஞ்சை பிறகு எந்த வெள்ளையணுவிடமும் சிக்காது.

தப்பும் வேகத்தை 0.002 என்று சேர்த்துப் பாருங்கள். அதே 240 நிமிடத்தில் தப்பியவை மட்டும் 9 சதவீதம். பிடிபடும் வேகம் நியூட்ரோஃபில் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், அதை மைக்ரோலிட்டருக்கு 5,000-லிருந்து 500-ஆகக் குறைத்தால் வேகமும் 0.002-ஆகிவிடும். அப்போது தப்பியவை 31 சதவீதம். இன்னும் பிடிபடாமல் திரிபவை 38. கீமோதெரபியால் நியூட்ரோஃபில்கள் குறைந்த நோயாளிகளுக்குப் பூஞ்சைத் தொற்று ஏன் அவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த இரண்டு எண்ணே போதும். (எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை, உங்கள் தரவிலிருந்து உங்கள் வேகங்களைக் கண்டுபிடியுங்கள்.)

ஒரு சந்தேகம் மிஞ்சும்: பூஞ்சை தப்பியதா, நியூட்ரோஃபில்களுக்கு வயிறு நிரம்பிவிட்டதா? இரண்டுமே கோட்டை ஒரே மாதிரி படுக்கவைக்கும். பூஞ்சை அளவைப் பாதியாக்கிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மிஞ்சும் சதவீதம் மாறாவிட்டால் தப்பியிருக்கிறது. நன்றாகக் குறைந்தால் வயிறு நிரம்பியதுதான் காரணம். இந்தச் சோதனை இல்லாமல் எண்களை மட்டும் திருகிப் பொருத்துவது வீண் வேலை.

கேள்வி: ரத்தம் உறையாமலிருக்க ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் போட்ட ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தம் இந்தச் சோதனைக்கு ஆகாதா?
– ஆய்வக உதவியாளர், மதுரை

பதில்: ஆகாது. ஈடிடிஏ கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கட்டிப்போடுவதால் கிருமிமேல் ஒட்டி அதை வெள்ளையணுக்களுக்கு அடையாளம் காட்டும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் வேலைசெய்யாது. அவை பூஞ்சையின் மேல் ஒட்டாவிட்டால் நியூட்ரோஃபில்களின் பிடி தளரும். ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினை மட்டும் தடுக்கும் ஹிருடின் போட்டு எடுங்கள்.

உயிரோடு மிஞ்சிய பூஞ்சையைக் கணக்கிடத் தட்டில் வளர்த்துக் காலனி எண்ணும்போதும் கவனம். 37 டிகிரியில் பூஞ்சை இழைவிட்டுக் கொத்தாகும். பத்து செல் சேர்ந்த கொத்து ஒரே காலனியாக முளைத்தால், மீதி ஒன்பதும் செத்ததாக மாடல் எடுத்துக்கொள்ளும். தட்டில் பரப்பும் முன் ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள்.